வாசலில் ஊர்ப்பெயர்

போன மாதம் சித்தப்பா வாட்ஸப்பில் ஒன்று அனுப்பியிருந்தார். யூதப் பெண்கள் மாசமாக இருக்கும்போது உட்கார்ந்து கணக்குப் போடுவார்களாம். பாதாம், பால், பேரீச்சம்பழம் சாப்பிடுவார்களாம். அதனால்தான் பிள்ளைகள் நோபல் பரிசு வாங்குகிறார்களாம். முடிவில் கும்பிடும் கைகள் மூன்று. பல வருடமாகச் சுற்றிவரும் சரக்கு, உங்கள் குடும்ப குரூப்பிலும் வந்திருக்கும். கீழே சித்தப்பா தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: "நீதான் அவங்க நடுவுலயே இருக்கியேடா, நிஜமான்னு கேட்டுச் சொல்லு."

நடுவில் இருப்பது உண்மைதான், ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை. நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங்கில் இருக்கிறேன். பௌன் தெருவில் 1977-இல் கும்பாபிஷேகம் கண்ட பிள்ளையார் கோயில் இருக்கிறது, அதன் கீழ்த்தளத்தில் கேன்டீன். ஞாயிற்றுக்கிழமை தோசைக்குப் பிள்ளையாரைச் சாக்காக வைத்துப் போகிறவர்களில் நானும் ஒருவன். அங்கிருந்து காரில் தெற்கே கொஞ்ச தூரம் போனால், நெடுஞ்சாலையை ஒட்டி மவுண்ட் ஹீப்ரான் என்கிற யூதக் கல்லறைத் தோட்டம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்ட இடம். ஆக, சித்தப்பா கேட்ட யூதர்களில் பெரும்பகுதி என் பக்கத்தில் படுத்துத்தான் இருக்கிறார்கள்.

பதினோரு வருடம் அதன் வேலியை ஒட்டிப் போய்வந்தும் உள்ளே போகத் தோன்றியதில்லை. நமக்குச் சுடுகாட்டுப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகிற பழக்கம் கிடையாது. ஒரு ஞாயிறு மதியம் அந்த வேலி ஓரத்திலேயே டயர் பஞ்சரானது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் என்றார்கள். வெயில் வேறு. உள்ளே மரம் இருந்தது, போனேன்.

முதலில் கண்ணில் பட்டது கல்லறைகள் அல்ல, வாசல்கள். ஒரே இடுகாட்டுக்குள் தெருத்தெருவாகச் சின்னச் சின்ன வாசல்கள். இரண்டு கல் தூண், நடுவில் இரும்புக் கதவு அல்லது வெறும் இடைவெளி, மேலே ஒரு பெயர். அதில் பெரும்பாலானவை ஊர்ப் பெயர்கள். இன்றைய பெலாரஸ், உக்ரைன், போலந்து, ருமேனியா வரைபடத்தைப் பிய்த்துப் போட்ட மாதிரி. அந்த வாசலுக்குப் பின்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும், தோளோடு தோள் இடிக்கிற நெருக்கத்தில்.

ஊர்ப் பெயருக்குக் கீழே தூணில் இன்னொரு பட்டியல். தலைவர் இன்னார், துணைத்தலைவர் இன்னார், செயலாளர், பொருளாளர், அறங்காவலர்கள், கல்லறைக் குழுவினர். சில தூண்களில் ஊர்ப் பெயரைவிடப் பொறுப்பாளர் பெயர்கள்தான் அதிக இடத்தைப் பிடித்திருந்தன. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் டியூப்லைட் மீது உபயதாரர் பெயரை முழ நீளத்துக்கு எழுதி வெளிச்சத்தையே மறைத்திருப்பார்கள். எனக்கு அந்த இடம் அப்போதே பிடித்துப்போய்விட்டது.

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் போனேன். சனிக்கிழமை பூட்டியிருப்பார்கள், அது அவர்களின் ஓய்வுநாள். படித்தும் தெரிந்துகொண்டேன்.

இந்த வாசல்களை வைத்தவை ஊர்ச் சங்கங்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் ஒரே ஊர்க்காரனை 'லாண்ட்ஸ்மான்' என்பார்கள். அவர்கள் சேர்ந்து அமைப்பது 'லாண்ட்ஸ்மான்ஷாஃப்ட்'. 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் தெற்கு ரஷ்யாவில் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. அடுத்த வருடமே அவர்களின் குடியிருப்பையும் தொழிலையும் இன்னும் நெருக்கும் சட்டங்கள் வந்தன. 1903-இல் கிஷினேவ் நகரில், இன்றைய மால்டோவாவின் தலைநகர் அது, யூதர்கள் படுகொலை. கலவரத்துக்கு இணையாக இன்னொரு காரணமும் உண்டு: வேலை இல்லை, கையில் காசில்லை, வசிக்க அனுமதிக்கப்பட்ட மேற்கு மாகாணங்களில் மக்கள் பெருகிக்கொண்டே போனார்கள். 1881-க்கும் 1924-க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பகுதி நியூயார்க் துறைமுகம் வழியாக. 1910 வாக்கில் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட் என்ற சின்ன வட்டாரத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த நெருக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் வீட்டுக்குப் போகலாம். 1863-இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். ஒரு குடித்தனம் மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. அதில் லெவின் என்ற குடும்பம் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பகலில் தையல் பட்டறையும் நடத்தியிருக்கிறது. தைக்க ஒருவர், சில்லறை வேலை முடிக்க ஒருவர், இஸ்திரி போட ஒருவர். இஸ்திரிப் பெட்டி சூடாக வேண்டுமே, ஆடி மாத வெக்கையிலும் அடுப்பு எரியும். கணக்குப் போடவும் பாதாம் கொறிக்கவும் அந்த வீட்டு அம்மாவுக்கு எங்கே நேரம் கிடைத்திருக்கும் என்று நின்று யோசித்தேன். சித்தப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் இல்லை.

இப்படி வாழ்ந்தவர்கள்தான் வாரக் கூலியிலிருந்து சந்தா கட்டிச் சங்கம் வைத்தார்கள். 1938-இல், எழுத்தாளர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசாங்கம் நடத்திய திட்டத்தின் யித்திஷ் பிரிவு இதைப் பற்றி விரிவாக ஓர் ஆய்வு செய்தது. நியூயார்க்கில் மட்டும் சுமார் 3,000 ஊர்ச் சங்கங்கள் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஒரே ஊருக்கு ஐந்தாறு சங்கம் இருந்ததும் உண்டு. கடவுளை நம்புகிறவர்கள் ஒன்று, நம்பாதவர்கள் ஒன்று, இளைஞர்கள் தனியாக ஒன்று, பொருளாளரோடு சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இன்னொன்று. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத் தேர்தலுக்கு ஒருமுறையாவது போய்வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

சங்கத்துக்கென்று அச்சடித்த சட்டதிட்டப் புத்தகம் இருக்கும், யித்திஷில். முறை வராமல் பேசினால் அபராதம். சந்தா பாக்கி வைத்தால் சலுகை நிறுத்தம். உடம்பு சரியில்லை என்று படுத்தால் வாரம் இவ்வளவு என்று உதவிப் பணம். அதைக் கொடுக்கும் முன் குழு ஒன்று வீட்டுக்கே வந்து பார்க்கும். நலம் விசாரிப்பதும் அதுதான், நிஜமாகவே படுத்திருக்கிறானா என்று சோதிப்பதும் அதுதான். கூடாத இடத்துக்குப் போய் வாங்கிவந்த நோய் என்றால் காசு கிடையாது என்று வெளிப்படையாக எழுதி வைத்த சங்கங்கள் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணம் பேசிச் சங்கத்துக்கென்று ஒரு டாக்டரையும் அமர்த்தியிருப்பார்கள். மற்ற டாக்டர்களுக்கு அவர் மீது கடுப்பு, ரேட்டைக் கெடுக்கிறார் என்று. வீட்டில் சாவு விழுந்தால் ஏழு நாள் துக்கம் காக்கவேண்டும், 'ஷிவா' என்பார்கள். ஏழு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதற்கும் சங்கம் ஒரு தொகை தரும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் சங்கம் வாங்கியது மண். பல சங்கங்களின் முதல் பெரிய செலவு கல்லறை நிலம்தான். சொந்த வீடு வாங்கும் வசதி பெரும்பாலானவர்களுக்கு வருவதற்கு முன்பே, புதையப்போகிற இடத்தைப் பத்திரம் பண்ணியாகிவிட்டது.

இது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது. நமக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. இங்கே யாராவது இறந்தால் எரித்துவிட்டுச் சாம்பலை ஒரு டப்பாவில் போட்டு விமானத்தில் காவிரிக்கோ ராமேசுவரத்துக்கோ கொண்டுபோகிறோம். கடைசியில் ஊருக்குத் திரும்பிவிட்டோம் என்று ஓர் ஏற்பாடு. யூத மரபில் உடலை எரிக்கக்கூடாது, புதைக்கவேண்டும், அதுவும் சீக்கிரம், தம் ஆட்களுக்கு நடுவில். ஊரில் இதைப் பார்த்துக்கொள்ள 'கெவ்ரா கடீஷா' என்ற குழு இருந்தது. குளிப்பாட்டுவது, வெள்ளைத் துணி உடுத்துவது, காவல் இருப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நியூயார்க்கில் ஒண்டியாகச் செத்தவன் கதி? 1869 முதல் நகராட்சி ஆதரவற்றவர்களை ஹார்ட் தீவில், நீள் குழியில், பெட்டி மேல் பெட்டியாக அடுக்கிப் புதைத்துவந்தது. அந்தக் குழிக்குப் போய்விடுவோமோ என்ற பயம் பசியைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது. 1888-இல் ஏழை யூதர்களை இலவசமாக அடக்கம் செய்யவென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்த உதவிக்கு எபிரேயத்தில் 'கெசெட் ஷெல் எமெத்' என்று பெயர், உண்மையான கருணை. செத்தவனால் திருப்பிச் செய்ய முடியாது என்பதால் அதுதான் கலப்படமில்லாதது என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால் நாத்திகர்களும் இதற்கு விலக்கில்லை. 1892-இல் தொடங்கிய 'அர்பெட்டர் ரிங்', தொழிலாளர் வட்டம், சோஷலிஸ்டுகளின் அமைப்பு. மதச் சடங்குகளைக் கிண்டல் செய்கிற ஆட்கள். அவர்களும் சந்தா வாங்கினார்கள், டாக்டர் வைத்தார்கள், கல்லறை நிலமும் வாங்கினார்கள். 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள். அவர்களில் சிலர் குவீன்ஸில் மாஸ்பெத்தில் உள்ள மவுண்ட் ஸயான் தோட்டத்தில் தொழிலாளர் வட்டத்தின் நிலத்தில்தான் கிடக்கிறார்கள். யித்திஷ் எழுத்தாளர் ஷோலம் அலெய்கெம் 1916 மே மாதம் இந்த நகரத்தில் இறந்தபோது தெருக்களில் லட்சத்துக்கும் மேல் கூட்டம். பணக்காரர்கள் பக்கத்தில் வேண்டாம், சாதாரண உழைக்கும் யூதர்கள் நடுவில் புதையுங்கள் என்று உயில் எழுதியிருந்தார். ஒரு மனிதனுக்குப் பக்கத்துக் கல்லறை யாருடையது என்பது அந்தச் சமூகத்தில் அவ்வளவு முக்கியம்.

கல்லறைகளை வாசிக்கவும் கொஞ்சம் பழகிக்கொண்டேன். எபிரேயம் தெரியாது, ஆனால் படம் பேசும். விரல்களை விரித்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹென், அதாவது பழைய ஆலயப் பூசாரிகளின் வம்சம். தண்ணீர்க் குடம் இருந்தால் லேவி, அந்தப் பூசாரிகளுக்கு உதவியாக இருந்தவர்களின் வம்சம். வெட்டிய மரம் என்றால் இளவயதுச் சாவு. கோஹென்கள் இடுகாட்டுக்குள் வரக்கூடாது என்று விதி. அதனால் அவர்கள் வீட்டுச் சாவுகளைப் பாதை ஓரத்திலேயே புதைத்திருப்பார்கள், உறவினர்கள் சாலையில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போகலாம். பூ வைக்கிற வழக்கம் கிடையாது, கூழாங்கல் வைப்பார்கள். பீங்கானில் சுட்ட போட்டோக்கள் சில கற்களில் பதித்திருக்கும். நூறு வருட மழையில் கல் கரைந்திருக்கிறது, பீங்கான் முகம் அப்படியே இருக்கிறது. மீசையை முறுக்கி, கடன் வாங்கிய கோட்டில் இருக்கிற மாதிரி ஒரு விறைப்பு.

சில சங்கங்களில் குடும்பமாகப் புதைப்பதில்லை. இறந்த வரிசைப்படி, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம். ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த புருஷன் பெண்டாட்டி நான்கு வரிசை தள்ளிக் கிடப்பார்கள். வரிசைப்படி என்பதால் தேதிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நகரத்தின் கதை தெரியும். ஒரு வாசலுக்குள் 1918 அக்டோபர், 1918 அக்டோபர், 1918 அக்டோபர் என்று அடுத்தடுத்து ஏழு கல். விஷக்காய்ச்சல் வந்த மாதம். யாருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

பெயர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி வாயில் நுழையாத பெயரை வெட்டி ஆங்கிலப் பெயர் வைத்து அனுப்பினார் என்று. பேரன்கள் எல்லாரும் சொல்கிற கதை, உண்மையில்லை. அந்த அதிகாரிகள் கப்பல் கம்பெனி ஏற்கெனவே எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றியவர்கள் பிற்பாடு அவர்களேதான், வேலைக்காகவும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படும் பாட்டுக்காகவும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, வங்கிக்கு ஒரு பெயர், பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெயர் என்று அலைகிற எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அதிகாரி மாற்றினார் என்று சொல்வது கொஞ்சம் கௌரவம். நாமே மாற்றிக்கொண்டோம் என்று பேரனிடம் எப்படிச் சொல்வது? கல்லறையில் மட்டும் ஆங்கிலத்தில் புதுப் பெயரும் எபிரேயத்தில் பழைய பெயரும் சேர்ந்தே இருக்கும்.

எல்லாரும் சங்கத்துக்குள் அடங்கினார்கள் என்றும் இல்லை. 'ஃபோர்வெர்ட்ஸ்' என்ற யித்திஷ் நாளேடு 1897-இல் தொடங்கி அந்த மக்களின் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அதில் காணாமற்போன கணவர்களின் படங்களை வரிசையாகப் போட்டுத் தகவல் கேட்பார்கள். ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்துவிட்டு, இங்கே திகைத்துப்போய் ஓடியவர்கள், கூப்பிடாமலே மறந்தவர்கள். 1911-இல் அவர்களைத் தேடிப் பிடிக்கவே ஓர் அலுவலகம் தொடங்க வேண்டியிருந்தது. யூதச் சட்டப்படி கணவன் விவாகரத்துச் சீட்டு கொடுக்காதவரை அந்தப் பெண் மறுமணம் செய்ய முடியாது. சங்கத்தில் உறுப்பினர் என்பது பெரும்பாலும் ஆண். கல்லறை இடம் அவனுக்கும் அவன் மனைவிக்கும். அவன் ஓடிவிட்டால் அவளுக்கு எந்த வாசல்? தூண்களில் பெண்கள் பெயர் அரிது. சில இடங்களில் மகளிர் துணைக்குழு என்று கீழே ஒரு வரி.

அதே காலத்தில் அமெரிக்கா வந்த இத்தாலியர்களில் கணிசமான பேர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1908-க்குப் பிறகான கணக்குகளில் யூதர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் திரும்பவில்லை. திரும்பாதவர்கள்தான் ஊரை அதிகம் நினைத்தார்கள். முதல் உலகப்போரில் ஊர்கள் சிதைந்ததும் சங்கங்கள் துண்டேந்தி வசூல் செய்தன. சில சங்கங்கள் டாலரை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரிலேயே ஆள் அனுப்பின. இன்றைய பெலாரஸில் இருக்கும் பின்ஸ்க் நகரில் 1919 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவிலிருந்து வந்த நிவாரணத்தைப் பாஸ்கா பண்டிகைக்கு எப்படிப் பங்கிடுவது என்று பேசக் கூடியவர்களைப் போலந்து ராணுவம் சதிக்கூட்டம் என்று பிடித்துப்போனது. அவர்களில் 35 பேரை மடாலயச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ரொட்டிக்கு மாவு பங்கிடுவதைப் பற்றிய கூட்டம் அது.

1924-இல் அமெரிக்கா நாடுவாரி ஒதுக்கீடு வைத்துக் கதவை ஏறக்குறைய மூடியது. அதன்பின் ஊருக்கும் சங்கத்துக்கும் நடுவே கடிதமும் பணமும் மட்டும். 1942 அக்டோபர் கடைசியில் ஜெர்மானியர்கள் பின்ஸ்க் கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், இருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சில நாளில் சுட்டுத் தீர்த்தார்கள். மற்ற வாசல்களில் உள்ள ஊர்களுக்கும் மாதமும் முறையும்தான் வேறு. அதன்பின் சில வாசல்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் நட்டிருக்கிறார்கள், எங்கள் ஊரில் கொல்லப்பட்டவர்கள் நினைவாக என்று. அதன் கீழே யாரும் இல்லை.

உயிர் தப்பியவர்களும் சங்கத்தாரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஊர் நினைவு நூல்களைப் போட்டார்கள். பல இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தவை வரைபடங்கள், ஞாபகத்திலிருந்து வரைந்தவை. சந்தை, குளியல் வீடு, கிணறு, இன்னார் கடை. அளவு பிசகி, ஆறு தவறான பக்கம் வளைந்து, ஆனால் தண்ணீர் தூக்குகிறவன் வீடு மட்டும் பெயரோடு.

பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆபீஸ் காப்பீடு வந்தது. சங்கக் கூட்டத்தில் யித்திஷில் கத்துவதைக் கேட்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? தலைவரே செயலாளர், அவரே பொருளாளர் என்று சுருங்கி, அவரும் ஒரு நாள் தன் வாசலுக்குள் போய்ச் சேர்ந்தார். சட்டப்படி இந்தச் சங்கங்கள் காப்பீட்டுத் துறையின் கீழ் வருபவை. ஆகவே கலைந்த சங்கத்தின் கணக்கை முடிக்க வருவது திவாலான இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கணக்கு முடிக்கும் அதே மாநில அலுவலகம். மினிட் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக யூத வரலாற்றை ஆராயும் யிவோ நிறுவனத்துக்குப் போயின. மிச்சம் இருந்தது விற்காத குழிகள். வாசலுக்குள் பின் வரிசைகளில் இன்னும் புல் தரையாகவே இருக்கும் இடங்கள் அவை. ஊரில் மீதி இருந்தவர்களும் ஒரு நாள் வந்து சேர்வார்கள் என்ற கணக்கில் வாங்கியவை.

போன ஞாயிறு அப்படி ஒரு புல் தரை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், எண்பது தாண்டியிருக்கும், மகளோ மருமகளோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தூணில் பெயர்களைத் தடவித் தடவிப் பார்த்தார். பாட்டனார் கல்லறைக் குழுவில் இருந்தாராம், பெயர் கீழிருந்து மூன்றாவது. என்னைப் பார்த்ததும், நான் ஏதோ தவறான வாசலுக்குள் வந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, கேட்டார்:

"நீங்கள் எந்த ஊர்?"

ஃப்ளஷிங் என்றேன். அது இல்லை, சொந்த ஊர் என்றார். இந்தியா என்றேன். அது நாடு, ஊர் எது என்றார். பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்து, மூன்றாம் தடவை ஏறக்குறைய சரியாகவே சொன்னார். பிறகு கேட்டார்:

"இன்னும் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன். என்ன சேர்த்துச் சொல்வதென்று தெரியவில்லை. அன்று காலைதான் சித்தப்பா இன்னொன்று அனுப்பியிருந்தார், இம்முறை பார்வர்டு இல்லை. ஆற்றங்கரைத் தெருவைக் குழாய் போடத் தோண்டி மூன்று மாதமாக மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பள்ளத்தைப் போட்டோ எடுத்து, மூன்று திட்டு வார்த்தைகளோடு. போனை எடுத்து அதைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்தப் பள்ளத்தையும் பின்னால் தெரிந்த டீக்கடையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.